சல்மா பீடபூமிக்கு ஆறு வண்டிகளில்

மஸ்கட்டிலிருந்து சூருக்குப் போகும் நெடுஞ்சாலையில் இடது பக்கம் கடல், வலது பக்கம் சுவர் எழுப்பியதுபோல மலை. அந்தச் சுவரின் தலையில்தான் சல்மா பீடபூமி இருக்கிறது. கிழக்கு ஹஜர் மலைத்தொடரின் இந்த மேட்டில் மரம் அரிது, மண் அரிது, மனிதர்களும் அரிது. சுண்ணாம்புப் பாறை மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். கடலோரம் உள்ள ஃபின்ஸ் ஊரிலிருந்து ஏறி, மஜ்லிஸ் அல் ஜின் குகையின் பக்கமாகப் போய், அல் ஜெய்லாவின் தேன்கூட்டுக் கல்லறைகளைப் பார்த்துவிட்டு, இஸ்மாயியா பக்கம் இறங்கி இப்ரா சாலையைப் பிடிக்கலாம். கரடுமுரடான பாதை 100 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் அதைக் கடக்க இரண்டு பகல் ஆகும்.

மஸ்கட்டின் ரூவியிலோ அல் குவைரிலோ வேலை பார்த்துக்கொண்டு, சொந்தமாக ஒரு பிராடோவோ பஜேரோவோ வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து போவதற்கு ஏற்ற பாதை இது. வியாழன் மாலை கிளம்பி சனி இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். துபாய், அபுதாபி நண்பர்களையும் சேர்த்துக்கொள்வதாக இருந்தால் முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். ஓமானில் வார விடுமுறை வெள்ளி, சனி. அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு. அவர்கள் ஒரு நாள் லீவு போட்டால்தான் கணக்கு சரிவரும். அவர்களுடைய வண்டிக் காப்பீட்டில் ஓமானும் சேர்ந்திருக்க வேண்டும். வண்டி வேறு பெயரில் இருந்தால் உரிமையாளரின் அனுமதிக் கடிதமும் வேண்டும். வாடகை வண்டியில் வருபவர்கள் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு வரட்டும். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் காப்பீடு செல்லாது என்றும், டயரும் அடிப்பாகமும் வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பு என்றும் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள்.

எப்போது போவது

அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் முடியும் வரை. டிசம்பர், ஜனவரியில் மேலே இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். கோடையில் பகல் வெயிலைவிடப் பெரிய தொல்லை பிற்பகல் மழை. கீழே மஸ்கட்டில் வானம் நீலமாக இருக்கும், ஹஜர் மலை உச்சியில் மட்டும் மூன்று மணிக்கு மேகம் திரண்டு கொட்டும். குளிர்காலத்திலும் மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகள் இரண்டு மூன்று நாள் மழை தரும். ஓமான் வானிலைத் துறை எச்சரிக்கை வெளியிட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். "போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்" என்ற பேச்சுக்கே இடம் தராதீர்கள். ஆறு குடும்பம் பிள்ளைகளோடும் பொட்டலங்களோடும் மலையடிவாரம் வரை வந்துவிட்டால், திரும்பிப் போகலாம் என்று சொல்லும் தைரியம் ஒருவருக்கும் வராது.

டயர்

கூட்டுப் பயணம் என்றதும் எல்லோரும் வின்ச், கூரைக் கூடாரம், எல்இடி விளக்கு என்று பேச ஆரம்பிப்பார்கள். இந்தப் பாதையில் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் டயர். மணலில் புதைந்த வண்டியைப் பத்து பேர் தள்ளி எடுத்துவிடலாம். பக்கச்சுவர் கிழிந்த டயரை எத்தனை பேர் சேர்ந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. இங்குள்ள சுண்ணாம்புக்கல் மழையில் கரைந்து கரைந்து விளிம்பெல்லாம் கத்திபோல ஆகியிருக்கும். டயரின் அடிப்பகுதி அதைத் தாங்கும். மெல்லிய பக்கச்சுவர் தாங்காது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு எல்லா வண்டிகளையும் ஓரிடத்தில் நிறுத்திப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால், பட்டன் (டயரின் வரிப்பள்ளம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றச் சொல்லுங்கள். வளைகுடா வெயிலில் ரப்பர் உள்ளுக்குள் காய்ந்துபோயிருக்கும். கல்லும் மண்ணும் தாங்கும் ஆல் டெரெய்ன் டயர் நல்லது. நகர டயரோடும் வரலாம், ஆனால் அந்த வண்டி நடுவில் வர வேண்டும், மெதுவாக வர வேண்டும்.

அடுத்தது ஸ்டெப்னி. பின்கதவில் மாட்டியிருந்தால் கவலையில்லை. வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும் வகை என்றால், அதை வீட்டு வாசலிலேயே ஒரு முறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். கடற்காற்றில் அந்தச் சுருள் துருப்பிடித்து இறுகிவிடும். ஐந்து வருடம் தொடாத ஸ்டெப்னி மலைச்சரிவில் கழன்று வராது. அதன் காற்றையும் அளந்து 40 பிஎஸ்ஐ வரை ஏற்றிவையுங்கள், குறைப்பது எளிது. வீல் நட்டுக்குப் பூட்டு போட்டிருப்பவர்கள் அதற்கான சாவி எங்கே இருக்கிறது என்று கையில் எடுத்துக் காட்ட வேண்டும். "டேஷ்போர்டில்தான் இருக்கும்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

ஆறு வண்டிகளில் எவையெவை ஒரே அளவு டயர், ஒரே நட்டு அமைப்பு என்று எழுதி வையுங்கள். இரண்டு பிராடோ இருந்தால் அவற்றுக்குச் சேர்த்து மூன்று ஸ்டெப்னியாகக் கொண்டுபோகலாம். தனி அளவு டயரோடு வரும் வண்டிக்குத் தனியே இரண்டாவது ஸ்டெப்னி தேவை. இன்னொன்றையும் முன்பே பேசிவிடுங்கள். ஒருவருடைய ஸ்டெப்னியை இன்னொருவர் வாங்கிப்போட்டு அது கிழிந்தால் யார் பணம் தருவது? மலைமேல் பேச ஆரம்பித்தால் நட்பு கிழியும்.

வண்டியும் சாமானும்

ஃபோர் வீல் டிரைவ் என்று பெயர் இருந்தால் போதாது, லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தனி கியர் அமைப்பு) இருக்க வேண்டும். லோ ரேஞ்ச் இல்லாத நகர எஸ்யூவிகள் ஃபின்ஸ் ஏற்றத்தில் ஏறவும் கூடும். இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டியிருப்பதுதான் சிக்கல். லோ ரேஞ்ச் நெம்புகோலை நகரத்திலேயே ஒரு முறை போட்டு எடுங்கள். ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டால் அதுவும் மக்கர் செய்யும். பிரேக் எண்ணெய் மாற்றி இரண்டு ஆண்டு ஆகியிருந்தால் மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும், ஈரம் ஏறிய எண்ணெய் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். கூலன்ட், பெல்ட், பேட்டரி முனைகள் ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்து வேண்டியவை: பேட்டரியில் மாட்டும் நல்ல காற்று கம்ப்ரஸர் இரண்டு (சிகரெட் லைட்டரில் செருகுவது நான்கு டயருக்குள் சூடாகி நின்றுவிடும்), காற்றளவி இரண்டு, பஞ்சர் ஒட்டும் நூல் பெட்டி இரண்டு, ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்று, அதன் கீழே வைக்க ஓரடிக்கு ஓரடி, ஓரங்குல கனத்தில் பலகை இரண்டு, இழுவைக் கயிறு ஒன்று, கயிற்றை வண்டியோடு இணைக்கும் ஷாக்கிள் வளையம் நான்கு, மண்வெட்டி, ஜம்பர் கேபிள், 10 லிட்டர் கூலன்ட், ஃப்யூஸ் பெட்டி, கம்பி, டேப். ஒவ்வொரு வண்டியிலும் தடித்த தோல் கையுறை ஒரு ஜோடி. இழுவைக் கொக்கியை வண்டியின் சட்டத்தில் உள்ள வளையத்தில் மட்டும் மாட்டுங்கள். பின்னால் டிரெய்லருக்காக இருக்கும் உருண்டைக் குமிழில் மாட்டிவிடாதீர்கள். குமிழ் தெறித்தால் அது பீரங்கிக் குண்டு. கயிறு இழுபடும்போது அதன் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது.

பெட்ரோலை ஜெர்ரி கேனில் எடுத்துக்கொள்ள இந்தப் பாதைக்குத் தேவையே இல்லை. ஃபின்ஸுக்குப் போகும் வழியில் உள்ள குரய்யாத்தில் தொட்டியை நிரப்புங்கள். லோ ரேஞ்சில் எரிபொருள் இரண்டு மடங்கு குடிக்கும் என்று வைத்துக்கொண்டாலும், நிறைந்த தொட்டி இப்ரா வரை தாராளமாக வரும். கூரைமேல் 20 லிட்டர் பெட்ரோல் வைத்துக்கொண்டு மலை ஏறுவது வீண் ஆபத்து. கூரையில் எடை ஏற ஏற வண்டியின் தலை கனக்கும், சாய்ந்த பாதையில் ஆட்டம் கூடும். கூரை தாங்கும் எடை வண்டிக் கையேட்டில் இருக்கும், அதில் ராக்கின் எடையும் சேர்த்தி. கூரைக்குப் பாய், தலையணை, கூடாரம் மட்டும் போகட்டும். தண்ணீரும் குக்கரும் சிலிண்டரும் கீழே, பின் இருக்கைக்குப் பின்னால், கயிறு போட்டு இறுக்கி. சும்மா வைத்த குக்கர் ஒரு பள்ளத்தில் முன்னால் வந்து மோதினால் மண்டை உடையும்.

தண்ணீர் கணக்கு எளிது. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 5 லிட்டர், கை கால் கழுவ 2 லிட்டர். வண்டிக்கு 10 லிட்டர் கைவைக்காத இருப்பு. 20 பேர், இரண்டரை நாள் என்றால் 350 லிட்டர், இருப்பு 60 லிட்டர். எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள், அந்த வண்டி நின்றுவிட்டால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். அலுவலகத்தில் கவிழ்த்து வைக்கும் ஐந்து காலன் குடுவை குலுங்கி வெடிக்கும். ஒன்றரை லிட்டர் பாட்டில் அட்டைப்பெட்டிகள் நன்றாக அடுக்கத் தாங்கும்.

யார் முன்னால், யார் பின்னால்

நான்கு முதல் ஆறு வண்டி சரியான எண்ணிக்கை. ஒற்றை வண்டியில் போகாதீர்கள். எட்டு சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து அரை மணி இடைவெளி விடுங்கள். பாதையை ஏற்கெனவே ஓட்டியவர் முதல் வண்டியில். அவரளவுக்கு அனுபவம் உள்ள இன்னொருவர், ஜாக்கியும் கம்ப்ரஸரும் முதலுதவிப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு, கடைசி வண்டியில். புதியவர்கள் நடுவில். முதல் நாள் காலையில் அமைத்த வரிசையை மாற்றாதீர்கள். "நான் கொஞ்சம் முன்னால் போய் வீடியோ எடுக்கிறேன்" என்று ஒருவர் முந்தினால், அரை மணியில் யார் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

எல்லா விதியிலும் பெரியது இது: உங்களுக்குப் பின்னால் வரும் வண்டி உங்கள் பொறுப்பு. கண்ணாடியில் அது தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். ஒரு பிரிவு வந்தால், பின்வண்டி உங்களைப் பார்த்து அதே பக்கம் திரும்பும் வரை அங்கேயே நில்லுங்கள். ஆறு பேரும் இதைச் செய்தால் முதல் வண்டிக்காரர் பின்னால் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். இதற்கு வாக்கி டாக்கிகூடத் தேவையில்லை. வைத்துக்கொள்வதாக இருந்தால் உள்ளூரில் அனுமதியோடு விற்பதை வாங்குங்கள். ஊரிலிருந்து சக்தி வாய்ந்த செட் கொண்டுவந்து சோதனையில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். மேலே பல இடங்களில் அலைபேசிக்கு சிக்னல் கிடையாது. வரைபடத்தைக் குறைந்தது மூன்று பேர் அலைபேசியில் இறக்கி வைத்திருக்க வேண்டும்.

மஸ்கட்டில் இருக்கும் ஒருவரிடம் வண்டி எண்கள், பாதை, திரும்பும் நேரம் எல்லாம் எழுதிக் கொடுங்கள். சனி இரவு எட்டு மணிக்குள் தகவல் வராவிட்டால் 9999 என்ற ராயல் ஓமான் காவல்துறை எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். "பார்த்துக்கொள்" என்று மட்டும் சொன்னால் அவர் நள்ளிரவு வரை தயங்கிக்கொண்டிருப்பார்.

ஏற்றம்

வியாழன் இரவை ஃபின்ஸ் கடற்கரையில் கழிப்பது நல்லது. இருட்டில் மலை ஏற வேண்டாம். வெள்ளி காலை ஏழு மணிக்கு ஏற ஆரம்பித்தால் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். இதே பாதையில் காலையில் இறங்கினால் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். முதல் முறை வருபவர்கள் ஃபின்ஸ் பக்கத்தில் ஏற வேண்டும், இறங்கக் கூடாது என்று சொல்வதற்கு வெயில் ஒரு காரணம். பிரேக் இன்னொரு காரணம். ஏறும் வண்டி திணறினால் நின்றுவிடும், இறங்கும் வண்டி திணறினால் நிற்காது.

தார் முடியும் இடத்தில் நின்று காற்றைக் குறையுங்கள். சாலையில் 35 பிஎஸ்ஐ வைத்திருந்தால் 26 முதல் 28. மணலுக்குப் பழகியவர்கள் கை தானாக 15க்குப் போகும், அதைத் தடுங்கள். அந்த அளவுக்கு இறக்கினால் டயர் பிதுங்கி, பக்கச்சுவர் கல்லுக்கு முகம் காட்டும். குறைக்காமலே ஏறினால் கெட்டியான டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், பிடிப்பு போகும், பயணிகளின் முதுகும் போகும். குறைத்த காற்றில் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள்.

ஏற்றம் தொடங்கும் முன்பே, சமதளத்தில் நின்று, நியூட்ரலில் போட்டு லோ ரேஞ்சுக்கு மாற்றுங்கள். நடு ஏற்றத்தில் மாற்ற முயல வேண்டாம். முதல் அல்லது இரண்டாம் கியர், சீரான மிதி. சக்கரம் ஓரிடத்தில் சுழன்று கல்லை வாரியிறைக்க ஆரம்பித்தால் மிதியை எடுங்கள். மேலும் மிதித்தால் குழி ஆழமாகும், சுழலும் டயர் கல்லில் கிழியும். நின்றுவிட்டால் ரிவர்ஸ் கியரில், ஸ்டீயரிங் நேராக, வந்த தடத்திலேயே பின்னால் இறங்கி மறுபடி முயலுங்கள். சரிவில் வண்டியைக் குறுக்கே திருப்பவே கூடாது. கவிழும் வண்டிகள் பெரும்பாலும் அப்படித்தான் கவிழ்கின்றன.

செங்குத்தான வளைவுகளில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி. முன்வண்டி மேலே போய் ஒதுங்கிய பிறகே அடுத்தது கிளம்பட்டும். மற்ற இடங்களில் புழுதி அடங்கும் தூரம், நூறு மீட்டராவது, விடுங்கள். வழிகாட்ட ஒருவர் மட்டும் முன்னால் நிற்கட்டும். நான்கு பேர் நான்கு பக்கம் "ரைட்டு, லெஃப்டு" என்று கத்தினால் ஓட்டுநருக்கு ஒன்றும் விளங்காது. கட்டைவிரலை ஸ்டீயரிங் வளையத்துக்கு உள்ளே விடாதீர்கள். சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் சட்டென்று சுழன்று விரலை முறிக்கும். எதிரே வண்டி வந்தால் ஏறும் வண்டிக்கே முதல் உரிமை. ஆனால் ஆட்டுத்தீவனம் ஏற்றிய உள்ளூர் பிக்கப் வந்தால் நீங்களே மலைப்பக்கம் ஒதுங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு இது தினசரி வழி.

வெப்பமானி முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திருப்புங்கள். உள்ளே வேகும், ஆனால் எஞ்சினின் சூடு வெளியேறும். இறங்கவில்லை என்றால் காற்று வரும் திசையில் முகத்தைத் திருப்பி நிறுத்தி, எஞ்சினை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். கூலன்ட் பீய்ச்சி வந்தால் மட்டும் அணையுங்கள். ரேடியேட்டர் மூடியை முக்கால் மணி நேரத்துக்குத் தொடக் கூடாது.

மேலே

பீடபூமியில் ஒரு விஷயத்தில் கண்டிப்பு தேவை: தடத்தை விட்டு வண்டியை இறக்காதீர்கள், அதிலும் இருட்டில். மஜ்லிஸ் அல் ஜின் உலகின் மிகப் பெரிய குகை அறைகளில் ஒன்று. 1983இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அதன் கூரையில் மூன்று துளைகள். அவை சமதளத்தில் சாதாரணப் பள்ளம்போல இருக்கும், பக்கத்தில் போகும் வரை தெரியாது. உள்ளே 100 மீட்டருக்கு மேல் வெறும் காற்று. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம். கயிறு கட்டி இறங்குவதெல்லாம் இந்தக் குழுவின் வேலை அல்ல.

அல் ஜெய்லா அருகே ஷிர் பகுதியில் நிற்கும் கல்லறைக் கோபுரங்கள் ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டு பழையவை. சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லாமல் கல்மேல் கல் அடுக்கியவை. அவற்றில் சாயாதீர்கள், ஏறாதீர்கள், அடுப்புக்கு அங்கிருந்து கல் எடுக்காதீர்கள். கூடாரமும் தள்ளியே இருக்கட்டும்.

கூடாரம் போட

டிசம்பரில் ஐந்தரை மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மூன்றரைக்கு இடம் பிடித்துவிட வேண்டும். கிராமத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தூரமாக, வாதியின் (மழை பெய்தால் மட்டும் ஓடும் காட்டாறு) படுகையை விட்டு உயரமாக. படுகையில் மணல் மெத்தென்று இருக்கும், காற்றும் படாது, அதனால்தான் அங்கே போட ஆசை வரும். பக்கத்து மரக்கிளைகளைப் பாருங்கள். காய்ந்த சருகும் கந்தலும் தலை உயரத்தில் சிக்கியிருந்தால், வெள்ளம் அந்த உயரம் வரை வந்திருக்கிறது என்று பொருள்.

தரை பாறை. முளை அடித்தால் வளையும். ஆதலால் தானாக நிற்கும் குவிந்த கூடாரமே உதவும். மூலைக் கயிறுகளைத் தலையளவு கற்களில் கட்டுங்கள். கம்பியைக் கோப்பதற்கு முன்பே ஒரு மூலையை வண்டிச் சக்கரத்தில் கட்டிவிடுங்கள். பீடபூமி விளிம்பில் மாலையில் காற்று எழும்பினால் வெறும் கூடாரம் பட்டம்போலப் பறந்து கீழே போய்விடும். வண்டிகளைக் காற்று வரும் பக்கம் வரிசையாக நிறுத்தினால் நல்ல மறைப்பு கிடைக்கும்.

விறகுக்காக மரம் வெட்டக் கூடாது. இங்கே ஒரு வேலமரம் வளர மனித ஆயுள் ஆகும். கரி வாங்கி வாருங்கள், கால் வைத்த தட்டில் எரியுங்கள். இரவு குளிருகிறதே என்று கங்கு இருக்கும் அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ வைத்தால் காலையில் யாரும் எழ மாட்டார்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை. இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய ஆள் ஒருவராவது ஒவ்வொரு குழுவிலும் இருப்பார்.

சமையல் விஷயத்தில் நம் ஆட்கள் வரம்பு மீறுவார்கள். வெள்ளிப் பகலுக்குப் புளியோதரையும் வறுவலும் கட்டிக்கொண்டால் போதும், இரவுக்கு மட்டும் அடுப்பு மூட்டலாம். இட்லி மாவு கொண்டுவராதீர்கள். குலுங்கலிலும் சூட்டிலும் புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து வண்டி முழுக்க மாவாகும், அந்த வாடை மாதக்கணக்கில் போகாது. காலைக்கு ரவை வறுத்து எடுத்து வாருங்கள். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரமாகும், அதனால் குக்கர் எடுத்து வாருங்கள். சிறிய பியூட்டேன் கேன் அடுப்பு குளிர்ந்த விடியலில் சீறாமல் முனகும். கேனை இரவில் கூடாரத்துக்குள் வைத்திருந்தால் காலையில் அடுப்பு நன்றாக எரியும். காற்று மறைப்புத் தகட்டைக் கேனையும் சேர்த்துச் சுற்றி வைத்தால் கேன் சூடேறி வெடிக்கும்.

ஆடுகளும் கழுதைகளும் இரவில் வரும், பிளாஸ்டிக் பையோடு சேர்த்துத் தின்னும். வயிற்றில் பை சிக்கி ஆடு சாகும், அது ஒருவருடைய பிழைப்பு. குப்பையை வண்டிக்குள் பூட்டுங்கள், எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வாருங்கள். பாறையில் குழி தோண்ட முடியாது என்பதால் கழிப்பறைக்கும் மடக்கு நாற்காலி, தடித்த பை, சிறு மறைப்புக் கூடாரம் கொண்டுவருவதே வழி. பெண்கள் பயணத்துக்கு வரத் தயங்குவதற்குப் பாதி காரணம் இதைப் பற்றி யாரும் யோசிக்காததுதான்.

காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும். கல்லைப் புரட்டும்போது கையுறை போடுங்கள். நம் ஊர்ச் சுருட்டை விரியனின் உறவுக்காரப் பாம்பு இந்த மலைகளில் உண்டு. கடித்தால் கீறுவதோ உறிஞ்சுவதோ இறுகக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட கையைக் காலை அசையாமல் வைத்து, மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். இப்ராவிலும் சூரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. எது பக்கம் என்பதை ஒவ்வொரு இரவும் படுக்கும் முன் பேசி வையுங்கள்.

கிராமத்தைக் கடக்கும்போது மெதுவாகப் போங்கள், ஜன்னலை இறக்கி சலாம் சொல்லுங்கள். பெண்களைப் படம் எடுக்க வேண்டாம். காபிக்கு அழைத்தால் வலக்கையால் வாங்கிக் குடியுங்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இறக்கம்

சனி காலை முதல் வேலை டயர் காற்றை அளப்பது. நேற்று மதியம் 27 இருந்த டயர் இன்று 24 காட்டினால் பதற வேண்டாம். வெப்பம் ஐந்தாறு டிகிரி குறைந்தால் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ இறங்கும். நான்கும் ஒரேபோல் இறங்கியிருந்தால் குளிர். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் பஞ்சர், கிளம்புவதற்கு முன்பே ஒட்டுங்கள்.

லோ ரேஞ்ச், முதல் கியர், கால் பிரேக்குக்கு அருகில் ஆனால் மேலே அல்ல. எஞ்சின் பிடித்து இழுக்கட்டும். வேகம் கூடினால் அழுத்தமாக ஒரு முறை பிரேக் பிடித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். லேசாகத் தொட்டுக்கொண்டே வந்தால் பத்து நிமிடத்தில் பிரேக் வட்டு பழுக்கக் காயும். இறக்கத்துக்கென்று இருக்கும் ஹில் டிசென்ட் பொத்தானை நம்பி நெடுந்தூரம் இறங்காதீர்கள். அதுவும் பிரேக்கைத்தான் பிடிக்கிறது, உங்கள் காலுக்குப் பதிலாகக் கணினி. கருகிய வாடை வந்தாலோ பெடல் இளகினாலோ உடனே ஒதுங்கி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரில் விட்டு அரை மணி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் வட்டு கோணிப்போகும். சூடான நிலையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் கட்டினால் ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

வழியில் வாதி ஓடினால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஓடும் தண்ணீர் ஒரு அடி ஆழம் இருந்தால் சிறிய வண்டிகளை மிதக்க வைக்கும், இரண்டு அடி இருந்தால் லேண்ட் குரூஸரையும் நகர்த்தும். 2024 ஏப்ரல் வெள்ளத்தில், இப்ரா இருக்கும் அதே வட ஷர்கியா மாகாணத்தில், பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் வண்டியோடு அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். ஓடும் வாதியில் வேண்டுமென்றே வண்டியை இறக்குவது ஓமான் சட்டப்படி சிறைக்குரிய குற்றமும்கூட. பெரும்பாலான வாதிகள் மழை நின்ற சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அந்த 60 லிட்டர் இருப்புத் தண்ணீரும், எடுத்து வைத்த ஒரு வேளைக்கான ரவையும் இந்தக் காத்திருப்புக்காகத்தான்.

தார்ச்சாலை தொட்டதும் எல்லோரும் நின்று வண்டிகளை எண்ணி, லோ ரேஞ்சை எடுத்து, காற்றை 35க்கு ஏற்றுங்கள். குறைந்த காற்றோடு 120இல் ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். மலையில் தப்பிய வண்டிக்கு நெடுஞ்சாலையில் ஆபத்து வருவது இப்படித்தான். வழியில் மாற்றிய சக்கரம் இருந்தால் 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். மஸ்கட்டில் காத்திருப்பவருக்குச் செய்தி அனுப்புங்கள். வீடு சேர்ந்ததும் அடிப்பாகத்தை நன்றாக நீரடித்துக் கழுவுங்கள், வியாழன் இரவின் கடல் உப்பு இன்னும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்.